ஈர மோதிரம்

நாளெல்லாம் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற கை. மோதிர விரலில் படை மறுபடியும் வந்திருந்தது.

“அரிப்பு நின்னதும் களிம்பை நிறுத்திட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லம்மா. நீங்க சொன்ன நாள்வரைக்கும் போட்டேன்.”

“மோதிரத்தைக் கழட்டி, விரலைக் கழுவி, நல்லா காய்ஞ்சப்புறம்தானே?”

அவள் தலைகுனிந்தாள். “கழட்டலம்மா.”

“ஏன், வீட்டுக்காரர் கோவிச்சுக்குவாரா?”

“அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்.”

டாக்டரம்மா விரலைத் திருப்பினார். மோதிரம் நழுவாமலிருக்க அடியில் தடிமனாக நூல் சுற்றியிருந்தது.

“இந்த நூல்தான் ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. உங்க அளவுக்கு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லக்கூடாதா அவரை?”

“இது அவரோடதும்மா. ஆஸ்பத்திரியில உடம்பைக் கொடுக்கும்போது கழட்டிக் கொடுத்தாங்க.”

டாக்டரம்மா பிடித்திருந்த விரலை விட்டார். அவளே மெல்ல நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.