பரிசலில் விட்ட செருப்பு

குணசுந்தரி எழுதிய பதினோரு பயண நூல்களில் ஒரே ஒரு அத்தியாயம்தான் பொய். காய்ச்சலோடு லாட்ஜில் படுத்துக்கொண்டே, ஓர் ஆற்றைப் பரிசலில் கடந்ததாகவும், நடு ஆற்றில் செருப்பைத் தவறவிட்டதாகவும் அளந்துவிட்டிருந்தாள். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இருபது வருடம் கழித்து முதன்முறையாக அந்தக் கரைக்கு வந்தாள். அவளைக் கண்டதும் பரிசல்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“வந்துட்டீங்களாம்மா! உங்க செருப்பைப் பத்திரமா வச்சிருக்கேன்.”

“என் புத்தகத்தைப் படிச்சீங்களா?” என்று சிரித்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதேம்மா.”

குடிசைக்குள் போய் அவர் எடுத்து வந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு குழந்தைச் செருப்பு.

“அன்னிக்கு என்ன அழுகை அழுதுச்சு பாப்பா! இப்ப பெரிய பொண்ணாயிருக்குமே?”

கல்யாணமே செய்துகொள்ளாதவள் அவள். தன்வரலாற்றின் முதல் வரியே ‘எனக்கு யாருமில்லை, அதனால் கிளம்பினேன்’ என்பதுதான். ஆள் மாறிப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அறுந்த வார் தைக்கப்பட்டிருந்தது. தன் குறிப்பேடுகளை அவள் தைக்கிற அதே நீல நூல், அதே கோணல் தையல்.

அந்தத் தையலை விரலால் தடவியபடியே கேட்டாள்.

“பாப்பா பேரு என்னன்னு சொன்னேன்?”