பிரேக் மாமாவின் பட்டியல்

“அதெல்லாம் மொத்தமா மன்னிக்க முடியாது மாமா!”

வாசலில் நின்ற பிரேக் மாமா திகைத்துப் போனார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் வந்தது. நாளைக் காலை அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். இன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன் அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய், “தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்க” என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பதினோரு வீட்டில் கண் கலங்கி மன்னித்தார்கள். பன்னிரண்டாவது வீட்டில் வக்கீல் இருந்தாள்.

வக்கீல் என்பது வீட்டில் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் படிப்பதென்னவோ தாவரவியல்.

“ஏண்டி, ஆபரேஷனுக்குப் போற மனுஷன்கிட்டயா வாதாடுறே?” உம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“சும்மா இருங்க உம்மா. அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்பை அல்லாஹ்கிட்ட அழுது கேட்டா மன்னிப்பான். மனுஷனுக்குச் செஞ்ச தப்பை அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். இல்லேன்னா மறுமையில நம்ம நன்மையை எடுத்து அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. சரியா மாமா?”

“சரிதாம்மா. அந்தப் பயத்துலதான் வந்திருக்கேன்.”

“அவ்வளவு பெரிய விஷயத்தைப் போற போக்குல கேட்டா எப்படி? என்னென்ன தப்புன்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணா மன்னிக்கிறேன்.”

ஆறு மாதமாக அவள் அவரிடம் கார் ஓட்டப் பழகுகிறாள். ஆறு மாதமாக அவர் அவளை டெஸ்டுக்கு அனுப்பவில்லை. அந்தக் கடுப்பு அவளுக்கு.

மாமா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ இப்படித்தான் கேப்பேன்னு தெரியும்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

“ஒண்ணு. நீ ரிவர்ஸ்ல போய்க் குப்பைத் தொட்டியைச் சாய்ச்சப்ப நான் சிரிச்சேன்.”

“சிரிக்கலையே. இருமினீங்க.”

“அது இருமல் இல்லம்மா.”

உம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரி, மன்னிச்சேன். அடுத்தது?”

“ரெண்டு. உனக்குக் கிளாஸ் இருக்கிற அன்னைக்கு மட்டும் கலிமா சொல்லிட்டுத்தான் கார்ல ஏறுவேன்.”

“கலிமா சொல்றது நல்லதுதானே அண்ணே?” என்றாள் உம்மா.

“நல்லதுதான். ஆனா மூச்சு நிக்கப் போறவன் சொல்ற மாதிரில்ல சொன்னேன்!”

வக்கீலின் மூக்கு சிவந்தது. “மன்னிச்சேன். மூணு?”

மாமா சீட்டைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். “உனக்கு ஒரு பட்டப்பேரு வச்சிருந்தேன்.”

“என்ன பேரு?”

“வேணாம்மா.”

“பேரைச் சொல்லாம எதை மன்னிக்கிறது?”

“மலக்குல் மவுத்து.”

உயிரை வாங்க வரும் வானவரின் பெயர்!

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ மாமா, நாளைக்கு வரைக்கும் அது தாங்கணும்!” என்று பதறிய வக்கீலுக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை மூவரும் சிரித்தார்கள்.

“போங்க மாமா. மூணையும் மன்னிச்சேன்.”

மாமா சீட்டை மடித்து வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“உனக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

“எனக்கா? நான் என்ன தப்பு பண்ணேன்?” பதில் டக்கென்று வந்தது.

கீழே ஹாரன் அடித்தது.

“என் மூத்த மக. வெளியூர்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக லீவு போட்டுட்டு வந்திருக்கா” என்று மாமா எழுந்தார்.

வக்கீல் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சைக்கிளே யோசித்து நுழையும் சந்துக்குள், ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் காரை ரிவர்ஸில் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களுக்கு... நீங்களா கத்துக்குடுத்தீங்க?”

“வேற யாரு?”

வக்கீலின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

போன மாதம் மாணவிகள் குரூப்பில் அவள் எழுதியது அப்படியே கண்முன் வந்தது. ‘பொம்பளைங்க கார் ஓட்டினா அந்த ஆளுக்குப் பிடிக்காது. அதான் என்னை டெஸ்டுக்கே அனுப்பலை. யாரும் அங்கே சேராதீங்க.’ ‘உனக்கு இன்னும் ரிவர்ஸ் வரலை’ என்று அவர் பத்துத் தடவை சொன்னதை மட்டும் எழுதவில்லை. அந்த வாரமே ஐந்து பெண்கள் அவரிடமிருந்து நின்றுவிட்டார்கள்.

மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

“மாமா, நில்லுங்க!” செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். “நான் உங்களைப் பத்தி... குரூப்புல ஒண்ணு...”

“மன்னிச்சுட்டேன்.”

“முழுசாக் கேளுங்க மாமா! என்ன தப்புன்னே தெரியாம...”

“தெரியும்மா. நின்னுபோன பொண்ணு ஒருத்தி கொண்டாந்து காட்டினா.”

“அதைப் படிச்சுட்டுமா நீங்க வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?”

“நீயா என்னைத் தேடி வர்ற ஆளா?” மாமா சிரித்தார். “நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் யார்கிட்ட போய்க் கேப்பே? கஷ்டப்பட்டு நீ வச்ச நோன்பையெல்லாம் மறுமையில வாங்கி வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ண?”