மாறிய ரீல்

செத்தவன் எழுந்து வந்து காப்பி குடித்தான்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"யோவ் ஆபரேட்டர்! போன உசுரு திரும்பி வந்துருச்சுய்யா!"

அவள் சிரிக்கவில்லை. முன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டிகளின் மூடி மாறிப்போய், ஏழாவது ரீலை முதலில் ஓட்டிவிட்டார் ஆபரேட்டர் தாவூது. ஆறாவது இப்போதுதான் ஓடுகிறது. குண்டு பட்டுக் கணவாயில் சாய்ந்த குதிரைப்படைப் பையன், கூடாரத்து வாசலில் தகரக் குவளையோடு நிற்கிறான். குதிரையின் காதில் ஏதோ சொல்கிறான்.

அவள் கணவன் பொன்னுரங்கத்துக்கு உயிரான படம். இதே திரைப்படச் சங்கத்தில் ஒன்பது முறை பார்த்தவன்.

"மத்த படத்துல ஜெயிச்சதும் தொப்பியத் தூக்கிப் போடுவான். இதுல ஜெயிச்சவன் தலகுனிஞ்சு நிக்கிறான் பாரு. இதுக்கப்புறம் பழைய மாதிரி சண்டப்படம் எடுக்க எவனுக்கும் மனசு வரல" என்பான்.

கடைசி லீவின் கடைசி மாலையையும் இதற்கே கொடுத்தான், பாவி. அந்தக் கோபத்தில், மறுநாள் அவன் கிளம்பியபோது அவள் வாசலுக்கு வரவில்லை.

பட்டாளத்தில், பனிமலையில் ரோந்து போனவன் திரும்பவில்லை. பதினோரு மாதம். உடல் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். அவள் சரியென்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை.

விளக்கு எரிந்தது. தாவூது ஓடி வந்தார். பொன்னுரங்கத்தின் கூட்டாளி. அவளைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"ரீல் மாறிப்போச்சும்மா. நிறுத்திடறேன்."

"வேணாம்ணே. ஓடட்டும்."

மறுபடி இருட்டு.

பையன் சேணத்தை இறுக்கினான். சீழ்க்கை அடித்தபடி ஏறினான். கணவாயை நோக்கிக் குதிரையைத் திருப்பினான்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே என்ன காத்திருக்கிறதென்று அத்தனை பேருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

போகாதே என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது.

கணவாய் முனையில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தொப்பியைத் தூக்கினான்.

அவள் கை தானாக உயர்ந்தது. மெல்ல அசைந்தது.

பிறகு வெறும் வெள்ளைத் திரை.

வெளியே உச்சி வெயில். பொன்னுரங்கத்தின் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார்.

"என்னம்மா, படம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல மாமா. அவரு கிளம்பிட்டாரு."

அவர் அவளையே பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே வச்சிடுங்க" என்றாள்.