ரெண்டு கோட்டிங்

“பொண்ணு” என்றார் தபாலாபீஸ் சார், சுவரைப் பார்த்தபடியே.

மாடிவீட்டுக் கலரக்காவுக்கு வாயெல்லாம் பல். பெயிண்ட் வேலைக்காக எட்டு நாள் வெளியூரில் தங்கிவிட்டு, தோள் பையோடு அப்போதுதான் வந்திறங்கியிருந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடக்கவும் உள்ளே நுழைந்து, கடைசி அறை வரைக்கும் வந்து அவள் கேட்ட முதல் கேள்விக்குத்தான் அந்தப் பதில். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து உண்டான பிள்ளையாயிற்றே!

“அடி சக்கை! யார் ஜாடை சார்?”

“அம்மா ஜாடைதான்.” அவர் திரும்பவில்லை. “நல்ல நேரத்துல வந்தேம்மா. சுவருக்கு எப்படி வெள்ளை அடிக்கறதுன்னு சொல்லிக்கொடேன். போன்ல வீடியோ பார்த்துத்தான் ஆரம்பிச்சேன், எல்லாம் திட்டுத் திட்டா நிக்குது.”

அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அந்தச் சுவர் அவளுக்குத் தெரியாததா? சாரின் மனைவி ஏழாம் மாசத்திலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்தது. குடை பிடித்த யானை, சிவப்புச் சட்டை போட்டு சைக்கிள் ஓட்டும் முயல், வரிசையாக மூன்று வாத்து. வேலை நடக்கிற இடங்களில் மிஞ்சிய பெயிண்ட்டை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்ததே கலரக்காதான். இப்போது யானையின் முதுகில் வெள்ளை பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது.

“இதைப் போய் எதுக்கு சார் அழிக்கறீங்க?”

“நாளைக்குக் காலைல பத்து மணிக்கு டிஸ்சார்ஜ். என் சம்சாரம் வரும்போது இது இருக்கக் கூடாது.”

கலரக்காவுக்குச் சுருக்கென்றது. நாலு நாள் தாடி, தொங்கிப்போன முகம், ‘பொண்ணு’ என்று அவர் சொன்ன தினுசு. ஓஹோ, விஷயம் இதுதானா! அவளும் ரெண்டு பெண்களைப் பெற்றவள். ரெண்டாவது பிறந்தபோது மாமியார் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போனது இன்னும் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

“ஆணி அடிக்கக்கூட ஆளைக் கூப்பிடற மனுஷன் நீங்க. இதுக்கும் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே?” என்றாள் வெடுக்கென்று.

“வேத்தாள் வேண்டாம்மா. நான்தான் பண்ணணும். நீ சொல்லு, போதும்.”

சொன்னாள். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ஈரத் துணியால் தூசியைத் துடைக்கணும். அப்புறம் பிரைமர். அது இல்லாமல் வெள்ளை அடித்தால், முயலோட சிவப்புச் சட்டை எத்தனை தடவை மூடினாலும் மேலே எழும்பி வந்து நிக்கும்.

அவர் உப்புத்தாளை எடுத்து யானையின் காதில் வைத்தார். தேய்க்கிறாரா தடவுகிறாரா என்றே தெரியவில்லை.

“குழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தேய்ச்சா எப்படி சார்? அழுத்துங்க. அழிக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, அப்புறம் என்ன?”

கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அழுத்தினார். நீலமும் சாம்பலுமாக மாவு உதிர்ந்து அவர் முழங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

பிரைமர் பூசியதும் கலரக்கா மாடிக்குப் போய்விட்டாள். இனி எட்டிப் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் பாதியில் நிற்கிற சுவர் அவள் தொழிலுக்கு ஆகாது. ரெண்டு மணி நேரத்தில் தானாக இறங்கி வந்தாள். அவர் விட்ட இடத்திலேயே, சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்த மாதிரி தெரியவில்லை.

“ரோலரை முக்கி, தட்டுல உருட்டி வழிச்சுக்கோங்க. மேலேருந்து கீழே ஒரே இழுப்பு. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகாதீங்க.”

அவர் மெல்ல அடித்தார். யானை போனது. முயல் போனது. வாத்துக்கிட்டே வந்ததும் ரோலர் ரெண்டு தடவை சுவரைத் தொடாமலே திரும்பியது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

“இது காஞ்சதும் இன்னொரு கோட்டிங் கொடுங்க. ஜன்னலை மூடாதீங்க. பச்சைக் குழந்தைக்கு இந்த நெடி ஆகவே ஆகாது. ஒரு வாரம் ஹால்லயே படுக்க வைங்க.”

“நெடி இருந்தா இருந்துட்டுப் போகுது. காலைக்குள்ள காஞ்சா போதும்மா.”

அவ்வளவுதான். கலரக்காவின் பொறுமை பொட்டென்று அறுந்தது.

“பொண்ணுன்னா அவ்வளவு இளப்பமா சார்? அக்கா உட்கார முடியாம உட்கார்ந்து, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சது இது. நாளைக்கு அந்தப் பச்சை மண்ணைத் தூக்கிக்கிட்டு ஆசையா இந்த ரூமுக்குள்ள வந்து, மொட்டைச் சுவரைப் பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்னு நினைச்சீங்களா? நீங்கல்லாம் ஒரு அப்பாவா?”

அவர் ரோலரைத் தட்டில் வைத்தார். கைகளைப் பனியனில் துடைத்துக்கொண்டார். திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“அவ மட்டும்தாம்மா வர்றா.”