வாய் திறக்காத பிளேயர்

ஞானசுந்தரி தன் பாட்டு சிடிகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்தாள். ஒரு டப்பா மட்டும் காலியாக இருந்தது. அதன் சிடி இன்னும் பிளேயருக்குள்ளேயே கிடந்தது.

"திறந்து கொடுத்துவிடேன்," என்றது பக்கத்தில் இருந்த செல்போன். "அந்தப் பாட்டெல்லாம் என்னிடமே இருக்கிறது."

"இருக்கும். ஆனால் பாதிப் பாட்டில் சோப்பு விளம்பரம் போடுவாய். யாராவது கூப்பிட்டால் பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாய். நான் கொடுக்க மாட்டேன்," என்றது பிளேயர்.

"வீம்பு பிடிக்காதே. உன்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்."

"போடட்டும். இதை வயிற்றில் வைத்துக்கொண்டே போகிறேன்."

ஞானசுந்தரி திறக்கும் பொத்தானை அமுக்கினாள். பிளேயர் பல்லைக் கடித்துக்கொண்டது. தலையில் இரண்டு தட்டு தட்டினாள். கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பார்த்தாள். ஊஹூம்.

"ரிப்பேர் பெட்டிம்மா, விடுங்க. எனக்கு நேரமாச்சு," என்று காலி டப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பழைய சாமான்காரர் போய்விட்டார்.

"ஒழிந்தாய். இனி உன்னை யார் தொடுவார்கள்?" என்றது செல்போன்.

ஞானசுந்தரி எரிச்சலோடு பிளேயரை அணைக்கப் போனாள். பழக்கதோஷத்தில் விரல் பாட வைக்கும் பொத்தானில் விழுந்தது. பாட்டு கிளம்பியது. அவள் கரண்டியும் கையுமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"அப்படியானால் நீ ரிப்பேர் இல்லையா?" என்று செல்போன் பொருமியது.

"கொடுக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? பாட மாட்டேன் என்று எப்போது சொன்னேன்?"