பாறை இடுக்கில் ஒரு தூர்

அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாகப் பதிவான அந்தப் புல், தீவின் பாறை இடுக்கில் ஒரே ஒரு தூராக நின்றது. தாவர ஆய்வாளர் தமயந்தி மண்டியிட்டுப் பார்த்தாள். ஒரு கதிர்தான் விட்டிருந்தது. விதை முற்ற இன்னும் நான்கு நாளாகும். பத்தடி தள்ளி எலும்பும் தோலுமாய் ஓர் ஆடு அதையே வெறித்துக்கொண்டிருந்தது. மற்ற ஆடுகளெல்லாம் மேய ஒன்றுமில்லாமல் செத்து, மணலில் எலும்பாகக் கிடந்தன.

"அந்த ஆட்டைக் கொன்னுடுங்க," என்றாள் படகோட்டி சூசையிடம்.

"முடியாதும்மா. கரை ஒதுங்குறவன் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு எங்கய்யா விட்ட ஆட்டு வம்சம் இது. எந்தம்பி இதுல ஒண்ணத் தின்னுதான் உசுரோட வந்தான்."

"அப்ப கரைக்குக் கொண்டுபோயிடுங்க."

"கடல் கெடக்குற கெடப்புல இந்தச் சின்ன வள்ளம் உங்களையும் ஆட்டையும் சேத்துத் தாங்காது."

"நான் இங்கயே இருக்கேன். நாலு நாள் கழிச்சு வாங்க."

சூசை தன் தண்ணீர்க் கேனையும் ரொட்டிப் பொட்டலத்தையும் அவள் காலடியில் வைத்தான். "காத்து அடங்குனாத்தான் வருவேன்."

கால்களைக் கட்டி ஏற்றியபோது ஆடு திமிறித் திமிறிப் பாறைப் பக்கமே திரும்பியது. அதன் கதறல் அலைகளுக்குள் அடங்கி, வள்ளமும் கண்ணிலிருந்து மறைந்தது. தமயந்தி புல்லருகே வந்து உட்கார்ந்து, அன்றைக்கு முதல்முறையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

பாறைக்குப் பின்னாலிருந்து, தொப்புள்கொடிகூடக் காயாத ஒரு குட்டி தள்ளாடி வந்து அவள் விரலைச் சப்பத் தொடங்கியது.