திறந்த இல்லம்

தீபாவளி காலையில் பூமலர் வீட்டுக் கதவு தானே திறந்து, திறந்த இல்ல விருந்துக்கு அரசாங்கம் இனவாரியாக எண்ணி அனுப்பிய விருந்தினர்களை உள்ளே விட்டது. நான்கு மலாய்க்காரர்கள், மூன்று சீனர்கள், இபான் பழங்குடிக்காரர் ஒருவர். அவர்களில் ஒருவரையும் பூமலருக்குத் தெரியாது. எல்லோரும் முறுக்கோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு எதிர்வீட்டு சியூ லான் வந்தாள். எஸ்டேட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். இருபது வருடமாகத் தீபாவளிக்கு முதல் நாள் வந்து முறுக்கு பிழிந்துகொடுப்பாள், மறுநாள் வந்து சாப்பிடுவாள்.

“சீனர் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. நல்லிணக்கத்துக்கு நன்றி,” என்றது கதவு.

“நேத்து பிழிய மட்டும் உள்ள விட்டுச்சுலா?” என்று வெளியிலிருந்து கத்தினாள் சியூ லான்.

“நேத்து நீ வேலைக்காரி. இன்னைக்குத்தான் சீனக்காரி,” என்றாள் பூமலர்.

“பசிக்குதுலா, பூமலரு.”

வெளியே போகத் தடை இல்லை. பூமலர் ஆட்டுக்கறிக் குழம்பையும் தோசையையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

“இந்தியர் இடம் ஒன்று காலியாக உள்ளது,” என்றது.

அவர்கள் இரண்டாவது தோசையில் இருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் பட்டுப்புடவையில் வந்தாள். கதவு திறந்தது. உள்ளே போய், “வாங்க, வாங்க, சாப்பிடுங்க,” என்று எல்லோரையும் உபசரித்தாள்.

சியூ லான் எட்டிப் பார்த்தாள்.

“உன்னவிட நல்லா கூப்பிடுறா லா,” என்றாள்.